முடுக்கத்துக்கு அப்புறம் என்ன? ஜெர்க், ஸ்நாப் எல்லாம் உண்மையிலேயே தேவையா?

பூச்சியப்புள்ளி:

இயற்பியல் வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வி. மேலோட்டமாகச் சமாளிக்க மனம் வரவில்லை, அதனால் இங்கே வைக்கிறேன்.

நிலையை (பொருள் இருக்கும் இடத்தை) நேரத்தைப் பொறுத்து ஒருமுறை வகையிட்டால், அதாவது அது மாறும் வீதத்தைக் கண்டால், திசைவேகம், மறுபடி வகையிட்டால் முடுக்கம். பாடப்புத்தகம் அதோடு நின்றுவிடுகிறது. அவள் கேட்டது இது: "நிற்கிற வண்டி கிளம்ப வேண்டுமானால் திசைவேகம் பூச்சியத்திலிருந்து மாற வேண்டும். அதற்கு முடுக்கம் வேண்டும். அந்த முடுக்கமும் பூச்சியத்திலிருந்துதானே வர வேண்டும்? அதற்கு மூன்றாவது வகைக்கெழு, அதற்கு நான்காவது. இப்படியே போனால் வண்டி எப்போதுதான் கிளம்பும்?"

கூடவே என் கேள்வி ஒன்று. நியூட்டனின் இரண்டாம் விதிக்கு முடுக்கம் போதும். அப்படியிருக்க மூன்றாவது, நான்காவது வகைக்கெழுக்களைத் தூக்கிப் பிடிப்பவர்கள் யார்? எனக்கு அது கணக்கு அலங்காரமாகத்தான் தெரிகிறது.

சுருள்வில்:

சார், அலங்காரம் இல்லை. இயந்திரங்களின் அசைவைக் கட்டுப்படுத்தும் வேலையில் இருக்கிறவன் நான். எங்களுக்கு அன்றாடம் தலைவலி தருவதே மூன்றாவதும் நான்காவதும்தான்.

பெயர்களை முதலில் முடித்துவிடுகிறேன். முடுக்கம் மாறும் வீதம் ஜெர்க், அலகு மீ/வி³. ஜெர்க் மாறும் வீதம் ஸ்நாப், மீ/வி⁴. ஐந்தாவதையும் ஆறாவதையும் கிராக்கிள், பாப் என்பார்கள். அவை இரண்டும் வேலையில் அபூர்வமாகத்தான் வரும்.

இப்போது ரயில் நிற்கும் கடைசி நொடியைக் கவனியுங்கள். 1 மீ/வி² வீதத்தில் வேகம் சீராகக் குறைந்துகொண்டு வருகிறது. நின்றுகொண்டு பயணிப்பவர் உடலைப் பின்னுக்குச் சாய்த்து, கால் தசைகளை இறுக்கி, அந்த விசைக்கு ஈடுகொடுத்திருக்கிறார். திசைவேகம் பூச்சியமாகும் கணத்தில் அந்த விசை சட்டென்று காணாமல் போகிறது. தசைகள் இன்னும் இறுகியே இருக்கின்றன. ஆள் பின்னால் தள்ளாடுகிறார். ரயில் நின்ற பிறகு விழுகிறவர்கள் இப்படித்தான் விழுகிறார்கள்.

அனுபவமுள்ள ஓட்டுநர் நிற்பதற்குச் சற்று முன்பே பிரேக்கைத் தளர்த்துவார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேகம் 1 மீ/வி ஆகக் குறைந்ததும், வேகம் குறையும் வீதத்தை 1 மீ/வி²-லிருந்து பூச்சியத்துக்கு 2 நொடிகளில் சீராக இறக்குகிறார் என்று வையுங்கள். ஜெர்க் 0.5 மீ/வி³. நிற்க ஆகும் தூரம் 67 செ.மீ. பிரேக்கை அப்படியே பிடித்திருந்தால் 50 செ.மீ. ஆக, கூடுதல் செலவு 17 செ.மீ. தூரமும் ஒரு நொடியும். அதே 1 மீ/வி² முடுக்கம் பத்தில் ஒரு நொடியில் மறைந்திருந்தால் ஜெர்க் 10 மீ/வி³. இருபது மடங்கு.

எதிரொலி:

சுருள்வில் சொல்வதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. நாம் உணர்வது விசையை, அதாவது முடுக்கத்தை. உட்செவியில் இருக்கும் செவிக்கற்கள் முடுக்கத்துக்கும் தலையின் சாய்வுக்கும்தான் அசைந்துகொடுக்கின்றன. ஜெர்க்கை உணர்கிற தனி உறுப்பு கிடையாது. விசை மாறும்போது உடம்பு ஆடுகிறது, அந்த ஆட்டத்தை உணர்கிறோம். ஜெர்க் என்று தனியாக ஒரு பௌதிகக் காரணத்தைக் கொண்டுவர வேண்டிய அவசியம் என்ன?

சுருள்வில்:

நல்ல கேள்வி நண்பரே. "உடம்பு ஆடுகிறது" என்றீர்களே, பதில் அதற்குள்ளேதான் இருக்கிறது.

ஒரு சுருள்வில், அதன் நுனியில் ஒரு எடை. எடையின் மீது ஒரு விசையை மெதுவாக, மிக மெதுவாக ஏற்றினால் வில் ஓரளவு நீண்டு நிற்கும். அதை ஒரு அலகு என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதே விசையை ஒரே கணத்தில் முழுதாக ஏற்றுங்கள். உராய்வோ தணிப்போ இல்லாவிட்டால் எடை இரண்டு அலகு வரை போய், திரும்பி, ஓயாமல் ஆடும். இறுதி விசை ஒன்றுதான். வில்லுக்குள் எழும் இழுவிசை மட்டும் இரட்டிப்பு.

அடுத்தது இன்னும் அழகு. விசையைச் சீராக ஏற்றி, அதற்கு எடுக்கும் நேரத்தை அந்த வில்லின் ஒரு முழு அலைவு நேரத்துக்குச் சரியாகப் பொருத்தினால், ஏற்றி முடித்த பிறகு ஆட்டமே இருக்காது. எடை ஒரு அலகில் போய் அமைதியாக நிற்கும். ஏற்றும் விசையின், அதாவது அந்த விசையைத் தரும் முடுக்கத்தின், உச்சம் எல்லா முறையும் ஒன்றே, அது எவ்வளவு வேகமாக ஏறியது என்பதில்தான் வித்தியாசம். அந்த வேகத்துக்குப் பெயர் ஜெர்க்.

விறைப்பான ஒற்றைப் புள்ளியாகப் பொருளை நினைத்தால் உங்கள் பேச்சு சரி, ஜெர்க்குக்கு வேலையில்லை. ஆனால் மனித உடம்பு, கிரேன் கயிறு, ரோபோவின் கை, லிஃப்ட் கூண்டு எதுவும் புள்ளி இல்லை. எல்லாவற்றுக்குள்ளும் வில் இருக்கிறது. அதனால்தான் லிஃப்ட் வடிவமைப்பில் முடுக்கத்துக்கு ஒரு உச்சவரம்பு, ஜெர்க்குக்குத் தனியாக ஒரு உச்சவரம்பு. பயணிகள் லிஃப்டில் இரண்டுமே அந்தந்த அலகில் ஏறக்குறைய 1 என்ற அளவில் இருக்கும்.

வளைகோடு:

சாலை, ரயில் பாதை போடுகிறவர்களுக்கு இது பழைய சங்கதி. நேர்கோட்டின் முனையில் வட்டத்தின் ஒரு பகுதியைத் தொடுகோடாக ஒட்டினால் கண்ணுக்குப் பாதை வழவழவென்று தெரியும். ஆனால் வளைவு பூச்சியத்திலிருந்து ஒரே தாவலில் முழு அளவுக்குப் போகிறது. பக்கவாட்டு முடுக்கமும் அப்படியே தாவும். கோட்பாட்டளவில் அந்த இணைப்பில் ஜெர்க் முடிவிலி.

இதற்குத்தான் நடுவில் மாறுவளைவு வைக்கிறோம். தூரம் போகப் போக வளைவு சீராகக் கூடுகிற ஆய்லர் சுருள் அது. மணிக்கு 72 கி.மீ., அதாவது 20 மீ/வி வேகம். வட்டத்தின் ஆரம் 200 மீ. பக்கவாட்டு முடுக்கம் 400/200, அதாவது 2 மீ/வி². ஜெர்க் 0.5 மீ/வி³-ஐத் தாண்டக் கூடாது என்றால் 4 நொடி வேண்டும். அந்த 4 நொடியில் வண்டி 80 மீ. போய்விடும். ஆக, மாறுவளைவின் நீளம் 80 மீ. (சாலையின் சாய்வு தரும் உதவியை இங்கே சேர்க்கவில்லை.)

வேகத்தை இரட்டிப்பாக்கினால் இந்த நீளம் எட்டு மடங்காகும், ஏனென்றால் வேகத்தின் கனத்தைப் பொறுத்தது அது. அதிவேக ரயில் பாதைகளில் திருப்பங்கள் அவ்வளவு நீண்டு கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுக்கச்சு:

இடையில் ஒரு சந்தேகம். என் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் மார்லின் ஃபர்ம்வேர் (இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் உள்மென்பொருள்) ஓடுகிறது. அதில் ஜெர்க் என்ற அமைப்பின் அலகு மி.மீ./வி என்று இருக்கிறது. நீங்கள் சொல்கிறபடி மி.மீ./வி³ அல்லவா இருக்க வேண்டும்?

சுருள்வில்:

அது வேறு பொருள், நண்பரே. மூலையில் அச்சுமுனை திசை திரும்பும்போது, முடுக்கக் கணக்கே போடாமல் ஒரே கணத்தில் எவ்வளவு வேக வித்தியாசத்தைத் தாவலாம் என்பதற்கான அனுமதி அது. 10 என்று வைத்தால் 10 மி.மீ./வி வரைக்குமான வேகத் தாவலை மோட்டார் ஒரேயடியாகச் செய்யும். தூய கணக்கில் அங்கே முடுக்கமே முடிவிலி. பெல்ட்டும் சட்டமும் வளைந்துகொடுப்பதால்தான் காரியம் நடக்கிறது. அந்த எண்ணை ஏற்றினால் மூலைக்குப் பக்கத்தில் சுவரில் அலை அலையாகக் கோடு விழும். நான் மேலே சொன்ன வில்லின் ஆட்டம் பிளாஸ்டிக்கில் பதிந்த தடம்தான் அது. உண்மையான மூன்றாம் வகைக்கெழுவைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் எஸ் வடிவ வேக வளைவரையைப் பயன்படுத்தும் வசதியைத் தேடுங்கள்.

பூச்சியப்புள்ளி:

பயன்பாட்டுப் பக்கம் தெளிவாகிறது. ரயில் கணக்கை வகுப்பிலேயே போடலாம். ஆனால் அந்தப் பெண்ணின் கேள்வி அப்படியே நிற்கிறது. கிளம்பும் கணத்தில் எந்த வகைக்கெழு முதலில் பூச்சியத்தை விட்டு விலகுகிறது?

தொடர்சார்பு:

கணிதத்திலிருந்து பதில் சொல்கிறேன். "ஏதோ ஒன்று முதலில் விலகியே ஆக வேண்டும்" என்பதுதான் இதில் மறைந்திருக்கும் அனுமானம். அது தேவையே இல்லை.

எளிய நிலையிலிருந்து வருவோம். நேரம் பூச்சியம் வரை பொருள் நிற்கிறது, அதன் பிறகு நிலை நேரத்தின் வர்க்கமாக வளர்கிறது. இங்கே திசைவேகம் தொடர்ச்சியாக இருக்கிறது, முடுக்கம் தாவுகிறது. கனமாக வளர்ந்தால் முடுக்கமும் தொடர்ச்சி, ஜெர்க் தாவுகிறது. நான்காம் அடுக்கு என்றால் ஸ்நாப். இப்படி எந்தப் படியில் வேண்டுமானாலும் தாவலை வைத்துக்கொள்ளலாம்.

தாவலே இல்லாமலும் கிளம்பலாம். ஆய்லர் எண்ணான 2.718...-ஐ, கழித்தல் ஒன்றின் கீழ் நேரம் (−1/நேரம்) என்ற அடுக்குக்கு உயர்த்துங்கள். நேரம் பூச்சியத்தை நெருங்கும்போது அடுக்கு கழித்தல் முடிவிலிக்குப் போகிறது, சார்பு பூச்சியத்துக்குப் போகிறது. எத்தனை முறை வகையிட்டாலும், ஆயிரம் முறை வகையிட்டாலும், நேரம் பூச்சியத்தில் விடை பூச்சியமே. ஆனால் நேரம் பூச்சியத்தைத் தாண்டிய எந்தக் கணத்திலும், அது எவ்வளவு சிறியதானாலும், சார்பு பூச்சியத்தை விடப் பெரியது. வண்டி கிளம்பிவிட்டது, எந்த வகைக்கெழுவும் தாவவில்லை.

இது எப்படிச் சாத்தியம் என்றால், ஒரு புள்ளியில் எல்லா வகைக்கெழுக்களும் தெரிந்துவிட்டாலே சார்பின் எதிர்காலம் முழுக்கத் தெரிந்துவிடும் என்பது எல்லாச் சார்புகளுக்கும் பொருந்தாது. ஒரு புள்ளியின் வகைக்கெழுக்களை வைத்துச் சார்பைக் கூட்டுத்தொகையாக எழுதும் டெய்லர் தொடர் கொடுக்கும் நம்பிக்கை அது. இந்தச் சார்புக்குப் பூச்சியத்தில் டெய்லர் தொடர் எழுதினால் வெறும் பூச்சியம்தான் வரும், சார்போ பூச்சியம் இல்லை.

இன்னொன்றையும் மாணவியிடம் சொல்லுங்கள். நின்ற கடைசிக் கணம் என்று ஒன்றைக் காட்டலாம். நகர்ந்த முதல் கணம் என்று ஒன்று கிடையாது. எந்தக் கணத்தை எடுத்தாலும் அதற்கும் முன்னால் நகர்ந்துகொண்டிருந்த கணம் ஒன்று இருக்கும். வரிசையில் முதலாவது ஆளைத் தேடுவதால்தான் கேள்வி முடிவில்லாமல் நீள்கிறது. மிகக் கூர்மையான கேள்வி அது, அவளைப் பாராட்டுங்கள்.

எதிரொலி:

சரி, அப்படியானால் என் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். இயற்கை ஏன் இரண்டாவதோடு நிற்கிறது? விசை ஜெர்க்கைத் தீர்மானிக்கிற மாதிரி ஒரு விதி ஏன் இல்லை?

அலைச்சமன்:

இதற்குப் பலமான விடை இருக்கிறது. 1850-இல் கணிதவியலாளர் ஆஸ்ட்ரோகிராட்ஸ்கி நிறுவினார். லக்ராஞ்சியனுக்குள் (ஓர் அமைப்பின் இயக்கச் சமன்பாடுகளைத் தரும் சார்புக்குள்) முடுக்கத்தையோ அதற்கு மேற்பட்ட வகைக்கெழுக்களையோ விலக்க முடியாத வகையில் நுழைத்தால், கிடைக்கும் ஆற்றலுக்குக் கீழ் எல்லை இருக்காது. ஒரு பகுதி ஆற்றலைக் கழித்தல் திசையில் அள்ளிக் கொட்டிக்கொண்டே, மறுபகுதி கூட்டல் திசையில் ஏறிக்கொண்டே போகலாம், மொத்தம் மாறாமல். வேறொன்றோடு வினைபுரியும்போது அப்படிப்பட்ட அமைப்பு நிலைத்து நிற்காது. அடிப்படை விதிகள் இரண்டாம் வகைக்கெழுவோடு நிற்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

மீறிப் பார்த்த இடமும் உண்டு. மின்னூட்டமுள்ள துகள் முடுக்கப்படும்போது கதிர்வீச்சை உமிழ்ந்து ஆற்றலை இழக்கிறது. அந்த இழப்புக்கு ஈடான பின்விசையைக் கணக்கிட்டால், ஆபிரகாம்-லோரன்ட்ஸ் விசை, ஜெர்க்குக்கு நேர்விகிதமாக வருகிறது. சமன்பாட்டை அப்படியே தீர்த்தால், வெளிவிசை எதுவும் இல்லாமலே எலக்ட்ரானின் முடுக்கம் தானாகப் பெருகிக்கொண்டே போகிற தீர்வு கிடைக்கிறது. பெருக்கத்தின் கால அளவு சுமார் 6.3 × 10⁻²⁴ நொடி. அந்தத் தீர்வை ஒதுக்கித் தள்ளினால், விசை வருவதற்கு முன்பே எலக்ட்ரான் அசைய ஆரம்பிக்கிறது. இரண்டும் ஏற்க முடியாதவை. அந்தச் சமன்பாட்டை அதன் எல்லைக்கு வெளியே இழுத்துப் போனதன் விளைவு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் விவரிப்பதற்கு ஜெர்க் பயன்படுகிற இடங்கள் அருமையானவை. அண்டவியலில் விரிவுக் காரணியின் (அண்டம் எத்தனை மடங்கு விரிந்திருக்கிறது என்று சொல்லும் எண்ணின்) மூன்றாம் வகைக்கெழுவை அலகில்லா எண்ணாக மாற்றி ஜெர்க் அளவுரு என்பார்கள். தட்டையான அண்டம், அதில் பருப்பொருளும் அண்டவியல் மாறிலியும் மட்டும் என்றால், கதிர்வீச்சை விட்டுவிட்டால், அந்த எண் எல்லாக் காலத்திலும் சரியாக 1. முடுக்கமோ கழித்தலிலிருந்து கூட்டலுக்கு மாறுகிறது. 2004-இல் ஹபிள் தொலைநோக்கி கண்ட தொலைதூரச் சூப்பர்நோவாக்கள் அந்த மாற்றத்தைக் காட்டின. அளந்த மதிப்பு 1-லிருந்து தெளிவாக விலகினால், நம் அண்ட மாதிரியில் ஏதோ குறை என்று பொருள்.

இன்னொன்று, ஒழுங்கின்மைக் (கேயாஸ்) கோட்பாட்டில். ஜெர்க் + 2.017 × முடுக்கம் − திசைவேகத்தின் வர்க்கம் + நிலை = 0. இவ்வளவுதான் சமன்பாடு. 1997-இல் இயற்பியலாளர் ஸ்ப்ராட் வெளியிட்டது. ஒரே ஒரு வர்க்க உறுப்பை வைத்துக்கொண்டு ஒழுங்கற்ற இயக்கத்தைத் தருகிறது. நேரம் நேரடியாக நுழையாத இரண்டாம் வரிசைச் சமன்பாட்டால், ஒற்றை மாறியில், இது முடியவே முடியாது. மூன்றாவது வேண்டும்.

அடுக்கச்சு:

ட்ரோன்களில் ஸ்நாப்பைக் குறைக்கிறார்கள் என்று படித்தேன். ஜெர்க்கைக் குறைத்தாலே வழவழப்பு வந்துவிடுமே, ஏன் நான்காவது?

சுருள்வில்:

வழவழப்புக்காக மட்டும் இல்லை. நான்கு விசிறி ட்ரோன் தன் தலைக்கு மேல் திசையில்தான் உந்த முடியும். பக்கவாட்டில் முடுக்கம் வேண்டுமானால் உடம்பைச் சாய்க்க வேண்டும். ஆக முடுக்கம் என்பது சாய்வு. முடுக்கம் மாறுவது, அதாவது ஜெர்க், சாய்வு மாறும் கோண வேகம். ஸ்நாப் என்பது கோண முடுக்கம். கோண முடுக்கத்தைத் தருவது முறுக்குவிசை, அது விசிறிகளின் உந்துவிசை வித்தியாசத்திலிருந்து நேரடியாக வருகிறது. மோட்டாருக்குப் போகும் கட்டளையிலிருந்து ட்ரோனின் நிலை வரை நான்கு தொகையிடல்கள் (வகையிடலுக்கு எதிரான செயல்) இருக்கின்றன. அதனால்தான் 2011-இல் ஆய்வாளர்கள் மெலிங்கரும் விஜய் குமாரும் ஸ்நாப்பின் வர்க்கத்தைக் குறைக்கும் பாதைகளை எடுத்துக்கொண்டார்கள்.

என் வேலையிலும் இதே கதை. மோட்டார் ஒரு வில் வழியாக எடையை இழுக்கிறது. எடைக்கு வேண்டிய முடுக்கத்தை வில்லின் நீட்சி தர வேண்டும், ஆகவே மோட்டார் இருக்க வேண்டிய இடத்திலேயே எடையின் முடுக்கம் சேர்ந்துவிடுகிறது. மோட்டாரின் வேகத்தில் எடையின் ஜெர்க் வருகிறது, மோட்டாரின் முடுக்கத்தில் எடையின் ஸ்நாப் வருகிறது. மோட்டாரின் முறுக்குவிசைக்கு எல்லை உண்டு, எனவே எடையின் ஸ்நாப்புக்கும் எல்லை உண்டு. கணினிச் சில்லு தயாரிக்கும் இயந்திரங்களின் நகரும் மேடைகளுக்கு நான்காம் வரிசைப் பாதை திட்டமிடுவது இதனால்தான்.

எத்தனையாவது வகைக்கெழு வரை பார்க்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், காரணத்துக்கும் நிலைக்கும் நடுவில் எத்தனை தொகையிடல் என்று எண்ணுங்கள் என்பேன்.

அளவுகோல்:

யாரும் சொல்லாத ஒன்று: இவற்றை அளப்பது பெரும்பாடு. நிலையை 0.1 மி.மீ. பிழையோடு, நொடிக்கு 100 தடவை அளக்கிறோம் என்று வைப்போம். ஒவ்வொரு பிழையும் மற்றதோடு சம்பந்தமில்லாதது. அடுத்தடுத்த வித்தியாசங்களை எடுத்து வகையிட்டால் திசைவேகத்தில் பிழை 14 மி.மீ./வி, பரவாயில்லை. முடுக்கத்தில் 2.4 மீ/வி², கவலைக்கிடம். ஜெர்க்கில் ஏறக்குறைய 450 மீ/வி³. ஸ்நாப்பில் 84,000 மீ/வி⁴. லிஃப்டின் உண்மையான ஜெர்க் 1 என்றால் அது இந்த இரைச்சலில் எங்கே தெரியப் போகிறது?

மாணவர்கள் செய்து பார்க்க விரும்பினால் நிலையிலிருந்து தொடங்க வேண்டாம். கைப்பேசியின் முடுக்கமானியிலிருந்து தொடங்குங்கள், ஒருமுறைதான் வகையிட வேண்டியிருக்கும். அதற்கு முன் பத்தில் ஒரு பங்கு நொடிக்காவது சராசரி எடுத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் தரையில் கைப்பேசியைப் படுக்க வைத்தால் ஏறும் தொடக்கத்தில் ஒரு மேடும், நிற்கும் இடத்தில் ஒரு பள்ளமும் தெரியும். அவற்றின் சரிவுகள்தான் ஜெர்க்.

பூச்சியப்புள்ளி:

லிஃப்ட் சோதனையை நிச்சயம் செய்யப்போகிறோம். கடைசியாக ஒன்று. தொடர்சார்பு சொன்ன மாதிரி எந்த வகைக்கெழுவும் தாவாத பாதை இருக்கும்போது, எல்லா இயந்திரங்களையும் அதிலேயே ஓட்டினால் என்ன? ஏன் மூன்று, நான்கு என்று பேரம் பேச வேண்டும்?

சுருள்வில்:

விலை கொடுக்க வேண்டும் சார். ஒரு தூரம், ஒரு கால அளவு, இரண்டின் மதிப்பும் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்ற நிலையிலிருந்து கிளம்பி நின்ற நிலையில் முடிய வேண்டும்.

பாதி நேரம் முழு முடுக்கம், பாதி நேரம் முழு பிரேக். முடுக்கத்தின் உச்சம் 4. இதைவிடக் குறைவாக யாராலும் முடியாது. ஆனால் மூன்று இடங்களில் முடுக்கம் தாவுகிறது.

ஜெர்க்கின் வர்க்கத்தைக் குறைக்கும் பாதை 10ந³ − 15ந⁴ + 6ந⁵, இதில் ந என்பது நேரம். 1985-இல் ஆய்வாளர்கள் ஃப்ளாஷும் ஹோகனும், மனிதர் ஒரு பொருளை எட்டி எடுக்கக் கை நீட்டும்போது கை ஏறக்குறைய இந்த வளைவரையில்தான் போகிறது என்று காட்டினார்கள். முடுக்கத்தின் உச்சம் 5.77. இதிலும் கிளம்பும் கணத்தில் ஜெர்க் பூச்சியத்திலிருந்து 60-க்குத் தாவுகிறது.

ஸ்நாப்பைக் குறைத்தால் 35ந⁴ − 84ந⁵ + 70ந⁶ − 20ந⁷. முனைகளில் ஜெர்க்கும் பூச்சியம். முடுக்கத்தின் உச்சம் 7.51.

ஒவ்வொரு படி ஏறும்போதும் முனைகள் தட்டையாகின்றன, நடுவில் மலை உயர்கிறது. அதே நேரத்தில் போய்ச் சேர வேண்டுமானால் பெரிய மோட்டார் வேண்டும், அதே மோட்டாரென்றால் கூடுதல் நேரம் வேண்டும். 4-லிருந்து 7.51-க்குப் போவது என்பது, அதே மோட்டாரில் நேரம் 37 சதவீதம் கூடுவது. ஆறு, ஏழு என்று முனைகளை இன்னும் தட்டையாக்கிக்கொண்டே போனால் இந்த உச்சமும் ஏறிக்கொண்டே போகும். என் இயந்திரங்களில் மோட்டாருக்கும் எடைக்கும் நடுவே ஒரு வில் இருந்தால் நான்காவதோடு நிறுத்துகிறேன். வில் மிக விறைப்பாக இருந்தால் மூன்றாவதே போதும். ஐந்தாவதைக் கட்டுப்படுத்தி எனக்கு இதுவரை லாபம் கிடைத்ததில்லை.